முதலாளி முகத்தில் ஒரு திருஷ்டிப் பொம்மை

ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் சங்கத்தில் நான் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமியாருடைய அடுப்படியிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தேன். என் ஓரகத்தியும், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவியும், அதற்காகவேதான் சேர்ந்தாள். இரண்டு பேருமே திருச்சுழிப் பக்கத்தில் காடு உழுகிற சம்சாரி வீடுகளில் பிறந்து அருப்புக்கோட்டைக்கு வாழ வந்தவர்கள். காட்டில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்திப் பேசி வளர்ந்தவர்களை ஒரு டவுன் வீட்டுக்குள் அடைத்துவைத்தால், எத்தனை நாளைக்குத்தான் புளி கரைத்துக்கொண்டிருப்போம்?

யுத்தம் முடிந்த சமயம் அது. ஆனி மாதக் காற்றில் ஒரு அடுப்புப் பொறி பறந்து, நெசவாளர் தெரு ஒன்றில் கூரை வீடுகள் வரிசையாக எரிந்துபோயின. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, கூரைக்குப் பதிலாக ஓட்டு வீடாகவே கட்டித் தருவது என்று ஒரு சங்கம் வைத்தார்கள். கூட்டத்தில் காரியதரிசி, "பெண்களும் முன்வர வேண்டும்" என்று பேசியபோது என் மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டிவிட்டார். அது போதுமே எங்களுக்கு. மறுநாள் காலையில் இருவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றோம். கைதட்டிய கையால் தடுக்கவா முடியும்? மாமியார் மட்டும், "போயிட்டு வாங்க. ராத்திரிக்கு இங்கனதானே வரணும்" என்றார்.

கண்மாய் மண்ணை மிதித்துக் குழைப்பது, கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது, கொத்தனாருக்குக் கஞ்சி ஊற்றுவது. வேலை எங்களுக்குப் புதிதில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பதுதான் புதிது. காரியதரிசிக்கு அது பிடிக்காது. கதர்ச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். நல்லவர், அதைச் சொல்லாமலிருக்க முடியாது. தீப்பிடித்த நாளிலிருந்து அவர் வீட்டில் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆனால் எங்களிடம் பேசும்போதும் மேடையில் பேசுவது போலவே பேசுவார். "சகோதரிகளே, சேவையில் சிரிப்பு எதற்கு?" என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் ஓரகத்தி அதே குரலில், "சகோதரியே, அந்த மண்வெட்டியைச் சற்றே நகர்த்துக" என்பாள்.

வரிசையில் கடைசி வீடு ஒரு இளம்பெண்ணுடையது. வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம். தறியும் எரிந்துபோனதால் அவள் புருஷன் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தான். நூல் தட்டுப்பாட்டில் அதுவும் பாதி நாள்தான் கிடைத்தது. அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின இரண்டு பிள்ளைகளும் பிறந்து தங்கவில்லை. ஒரு பருத்தி வியாபாரி தன் மாட்டுக்கொட்டகையில் அவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டு அம்மாள் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இருந்துக்க, வேண்டாங்கல. வலி கண்டா மட்டும் வேற எடம் பாத்துக்க. மாடு கட்டுற எடத்துல தீட்டு ஆகாது."

வேறு இடம் என்றால் அவளுக்கு அந்தக் கடைசி வீடு ஒன்றுதான். சுவர் எழும்பி நின்றது, மேலே ஒன்றுமில்லை. ஐப்பசி மழை முந்திக்கொண்டால் சுவரும் கரைந்துபோகும். ஓடுகளை வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் தருமமாக அனுப்பிவிட்டார். ஓடுகளைத் தாங்குவதற்குப் பனங்கை வேண்டும். பனைமரத்தை நீளவாக்கில் பிளந்து செதுக்கிய சட்டம் அது. யுத்தத்தில் மரமெல்லாம் எங்கெங்கோ போய்விட்ட நேரத்தில், அதற்குப் பனந்தோப்புக்காரரான பந்தல்குடி முதலாளியை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

மற்ற வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பனங்கை கொடுத்தார். கொடுத்தார் என்று நான் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், வாங்கியவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து, குடையால் சுவரைக் குத்திப் பார்ப்பார். "இது செவரா, இல்ல கோழிக்கூடா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். வீட்டுக்காரனைக் கைகட்டி நிற்க வைத்து, அவன் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை அனுப்புவார். மீசை காது வரைக்கும் இருக்கும். புருவம் அதற்குப் போட்டி. என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்து, "பொம்பளைக மிதிச்ச மண்ணு நிக்குமா?" என்று கேட்டார். நான் மறக்கிற ஆள் இல்லை.

ஒரு நாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, கட்டுற வீட்டுக்கெல்லாம் கண்ணுபடாம பொம்மை நிறுத்துவாகல்ல. எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்கக்கா. என் ரெண்டு புள்ளையும் கண்ணுபட்டுத்தான் போச்சு."

கட்டுகிற வீட்டின் முன்னால் கம்பு நட்டு ஒரு பொம்மையைத் தூக்கி நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் வீட்டின் மேல் விழாமல் பொம்மையின் மேல் விழுந்து தொலையும். காரியதரிசியிடம் கேட்டோம். "மூடநம்பிக்கைக்குச் சங்கம் இடம் தராது" என்றார். சங்கம் தராவிட்டால் போகட்டும், கம்பு நட ஒரு சாண் இடம் போதும் என்று நாங்களே இறங்கிவிட்டோம். அவர் அப்போது மதுரைக்குப் போயிருந்தது வசதியாகப் போயிற்று.

துணிக்கு ரேஷன் இருந்த காலம். ஊர் முழுக்கத் தறி, உடுத்தத் துணி இல்லை. மாமனாரின் பழைய வேட்டியையும் சட்டையையும் மாமியார் கண்ணில் படாமல் ஓரகத்தி சுருட்டிக்கொண்டு வந்தாள். சோளத்தட்டையும் வைக்கோலும் திணித்ததும் வயிறு தானாகவே முன்னே தள்ளியது. தலைக்கு ஒரு ஓட்டைப் பானை. சுண்ணாம்பு அடித்துக் கரியால் முகம் எழுதுவது என் வேலை. பார்த்தால் பயப்படுகிற மாதிரி இருக்கவேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த பயங்கரமான முகம் ஒன்றுதான். கை தானாகப் போயிற்று. புருவத்தை அடர்த்தியாகப் போட்டேன். மீசையைக் காது வரைக்கும் இழுத்தேன். ஓரகத்தி சும்மா இருப்பாளா? கம்பி போன குடை ஒன்றைத் தேடிப்பிடித்துக் கக்கத்தில் செருகினாள். தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சாட்சாத் பந்தல்குடி முதலாளி.

தெருவே சிரித்தது. கொத்தனார் காலையில் வந்ததும் பொம்மை முன்னால் நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கும்பிடுறேன் முதலாளி, பனங்கை எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். சுவரைக் குத்தி அவமானப்படுத்தப்பட்ட வீட்டுக்காரர்கள் வந்து, பொம்மையின் வயிற்றில் ஆளுக்கொரு குத்து விட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தீப்பிடித்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஏக சந்தோஷம்.

காரியதரிசி மதுரையிலிருந்து திரும்பி நேராக அங்கேதான் வந்தார். "சகோதரிகளே, நற்செய்தி. நாளைக் காலையில் பந்தல்குடி முதலாளி வருகை தருகிறார்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். அவ்வளவுதான். மேடைத் தமிழ் எங்கே ஓடிப் போனதோ தெரியவில்லை. "ஏத்தா, என்ன கூத்து பண்ணி வச்சிருக்கீக?" என்றார். அவருக்கும் நம் ஊர்ப் பேச்சு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இறக்கச் சொன்னார். கொத்தனார் ஏணியை எடுத்தார். அந்தப் பெண் குறுக்கே வந்து, கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தின பொம்மையப் பால் காய்ச்சும் முன்ன எறக்கக் கூடாதுய்யா. எறக்கினா அதுமேல விழுந்த கண்ணெல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும். அந்த வீட்டுல நான் புள்ள பெக்க மாட்டேன்."

"பின்ன எங்க பெப்ப?" என்றார் காரியதரிசி.

"கண்மாய்க்கரையில பெத்துக்கிறேன்."

அழவில்லை, சத்தம் போடவில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள். பொம்மை நின்றால் பனங்கை வராது. பொம்மை இறங்கினால் இவள் வரமாட்டாள். என் கரிக்கட்டைச் சேட்டை கடைசியில் ஒரு பிள்ளையின் தலையில் வந்து நிற்கிறதே என்று இருந்தது. காரியதரிசி தலையில் கை வைத்து மண்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். என் ஓரகத்திதான் வாயைத் திறந்தாள்.

"எறக்கத்தானே கூடாது? உடுப்ப மாத்தலாம்ல?"

அந்தப் பெண் யோசித்தாள். "அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள்.

ஏணியில் நானே ஏறினேன். பொம்பளை ஏணி ஏறுவதா என்று பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எழுதியவள்தானே அழிக்கவேண்டும். ஈரத்துணியால் மீசையைத் தேய்தேய் என்று தேய்த்தேன். போயிற்று, ஆனாலும் மூக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கறை நின்றுவிட்டது. குடையைப் பிடுங்கி எறிந்தேன். ஓரகத்தி தன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தாள், சுற்றிக் கட்டினேன். யார் கண்ணும் அந்தக் கறைக்குப் போகாமலிருக்க, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம் அப்பினேன். இறங்கிவந்து பார்த்தேன். யாரோ ஒரு மிரட்டலான அம்மாள் நின்றாள். எங்களுக்குத் தெரிந்த யாரும் இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மறுநாள் முதலாளியின் வில்வண்டி தெருவில் நுழைந்தது. காரியதரிசி மாலையோடு நின்றார். முதலாளி இறங்கினார், குடையை ஊன்றினார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அப்போதுதான் வேலைக்கு வந்த கொத்தனார், வண்டியைக் கவனிக்காமல், தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொம்மையைப் பார்த்து, "கும்பிடுறேன் முதலாளி" என்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. கோபம் வரும் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ பயந்து, சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பி, "அக்கா, நீ எறங்காத. வெயிலு சுள்ளுனு அடிக்குது" என்றார்.

"வெயிலு எனக்கென்ன புதுசா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள் இறங்கினார். அதே புருவம், அதே மூக்கு, அதே தாடை. முதலாளிக்கு மீசையை எடுத்தால் எப்படியோ அப்படி. அதாவது எங்கள் பொம்மையேதான்.

அந்த அம்மாள் பொம்மையைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்தார்.

"யாரு எழுதினது?"

ஓரகத்தி அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "நாந்தாம்மா" என்றேன்.

"என்னைய எங்க பாத்த?"

"பாத்ததே இல்லம்மா. சத்தியமா."

"பொட்டு வச்சது?"

"அதுவும் நாந்தான்."

பொம்மையின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவுக போனப்ப எனக்கு இருபது வயசுகூட ஆகல. அதுக்கப்புறம் இந்த நெத்தியில இன்னைக்குத்தான் பொட்டப் பாக்குறேன்" என்றார். சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "கோணலா வச்சிருக்கியே புள்ள" என்றார்.

பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "காலையில நான் வாசலுக்கு வந்தா, எதுத்தாப்புல வாரவன் செருப்பு வாரு அந்துபோச்சுன்னு குனிஞ்சுக்குவான். என் மூஞ்சி அவ்வளவு ஆகாது. நீங்க என்னடான்னா கம்பு நட்டு நிப்பாட்டி வச்சிருக்கீக."

"கெட்டது அண்டாமக் காக்கத்தாம்மா நிப்பாட்டியிருக்கோம்" என்றாள் அந்தப் பெண். எங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவள் நம்பியதைச் சொன்னாள்.

அந்த அம்மாள் திரும்பி அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார்.

"எத்தனாவது?"

"மூணாவதும்மா. ரெண்டு தங்கல."

"எங்க பெக்கப்போற?"

"இந்த வீட்டுலதாம்மா. பனங்கை வந்தா."

அந்த அம்மாள் மறுபடியும் பொம்மையை உற்றுப் பார்த்தார். "ஆமா, மூக்குக்குக் கீழ என்ன கரி?"

காரியதரிசி, "அது வந்து, சங்கத்தின் சார்பில்..." என்று ஆரம்பித்து மென்று முழுங்கினார். அந்த அம்மாள் பொம்மையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அவர் மீசையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார் பாருங்கள், வண்டிமாடு மிரண்டது. "தம்பி, இது மொதல்ல நீயாத்தான்டா இருந்திருக்க" என்றார்.

முதலாளியின் கை தானாக மீசைக்குப் போயிற்று. "செவரப் பாத்துட்டுத்தான் பனங்கை..." என்று குடையை ஓங்கினார்.

"செவர நான் பாத்துட்டேன். நல்லாத்தான் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள லோடு வந்து எறங்கணும்."

இறங்கியது. பனந்தோப்பு முழுக்க அக்கா பேரில் இருக்கும் விஷயம் எங்களுக்கு அப்புறந்தான் தெரியும்.

ஓடு வேய்ந்து முடித்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பால் காய்ச்ச அந்தப் பெண் பந்தல்குடிக்கு ஆளனுப்பி அம்மாளை அழைத்தாள். "நல்ல காரியத்துக்கு என்னையக் கூப்புடக் கூடாது தாயி. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கருப்பட்டிச் சிப்பம். பால் பொங்கியதும் வழக்கப்படி பொம்மையை இறக்கி முச்சந்தியில் கொளுத்தினார்கள். அந்தச் சேலைக்காக ஓரகத்தி ஒரு மாதம் புலம்பினாள்.

பால் காய்ச்சிய சில நாளில், ஒரு காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி கண்டது. வெயில் ஏறும்போது பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை. சொந்தச் சுவருக்குள்ளே, ஓட்டுக்குக் கீழே. நானும் ஓரகத்தியும் வாசலில் நின்று அந்த முதல் அழுகையைக் கேட்டோம். வெட்கம் விட்டுச் சொல்கிறேன், இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் புருஷன், பிள்ளைகள் என்று நிறைந்து வாழ்கிற, அதிர்ந்து பேசாத ஒரு பெண்ணாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். தெருப் பெண்கள் ஆளுக்கொரு பேர் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள், "பந்தல்குடி அம்மா வந்து வைக்கட்டும்" என்றாள். தெலுங்கில் ஒரே இரைச்சல் எழுந்தது. எனக்குத் தெலுங்கு தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்பது நன்றாகவே தெரிந்தது. அவள் மட்டும் அசையவில்லை.

பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி போட்டுக் கிளறிக் கிளறி ஓட்டுகிற பஸ் ஒன்று தூத்துக்குடி ரோட்டில் போகும். அதைப் பிடித்துப் பந்தல்குடி போனேன். அம்மாள் கேட்டுவிட்டு, "ஒனக்குக் கிறுக்கா, அவளுக்குக் கிறுக்கா?" என்றார்.

"ரெண்டு பேருக்குந்தாம்மா. புள்ள பசியில கத்துது, கெளம்புங்க."

"நான் வச்சா என் வாயிதான் வந்துரும் அதுக்கு."

"அந்தத் தெருவுல பொழைக்கிறதுக்கு வாயி வேண்டாமாம்மா?" என்றேன். வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்.

வாசலில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டார்கள். அம்மாள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, "நல்லா யோசிச்சுக்க தாயி. அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான் வரும்" என்றார்.

அந்தப் பெண் பாயில் படுத்தபடியே சொன்னாள். "ரெண்டு புள்ளைக்கும் நல்லா வாழுறவுகளத் தேடிப் பிடிச்சுத்தாம்மா சேனை வச்சோம். தங்கல. எல்லாம் போன பெறகும் நீங்க நிக்கிறீகளே. அந்தக் கொணம் போதும்மா இவளுக்கு."

அம்மாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பச்சப் புள்ளைய என் கையில யாரும் குடுத்ததில்ல. எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டார். நான் பிள்ளையை எடுத்து அவர் மடியில் கிடத்தி, கழுத்துக்குக் கீழே அவர் கையை வைத்தேன். சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டு அதன் வாயில் வைத்தார். பிள்ளை விரலைப் பற்றிக்கொண்டது. சப்பியது. அவர் எடுக்கப் பார்த்தார், அது விடவில்லை.

"கடிக்குதுடி" என்றார். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. பிறந்த பிள்ளை எப்படிக் கடிக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எதற்கும் வாய்மூடாத என் ஓரகத்தி கூடக் கேட்கவில்லை.